பம்பாய்க் கோட்டையின் மறைந்த வாசல்களும் நம் சந்துகளும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோட்டைப் பகுதியின் பழைய சந்து பொந்துகளைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலருக்கு வருத்தம். தாராவியில் வீட்டுக் கணக்கெடுப்பு, தகுதிப் பட்டியல் என்று சனம் தூக்கமில்லாமல் கிடக்கும்போது வெள்ளைக்காரன் காலத்துக் கதை எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இடிப்பதும், இடித்தவர்களை ஊருக்கு வெளியே தள்ளுவதும் இந்த நகரத்தில் நேற்று முளைத்த சங்கதி அல்ல. பழைய கணக்கைப் பார்த்தவனுக்குத்தான் புதிய கணக்குப் புரியும்.

ஊருக்குப் போக நாகர்கோவில் வண்டி பிடிக்கிறோமே, அந்த நிலையத்திலிருந்தே தொடங்குவோம். விக்டோரியா டெர்மினஸ் என்ற பெயர் 1996இல் போய்விட்டது. நம் வாயில் இன்னும் வி.டி.தான். அதற்கும் முன்னே அந்த இடத்தின் பெயர் போரி பந்தர். பந்தர் என்றால் கப்பல் துறை. 1853 ஏப்ரல் 16 அன்று இந்நாட்டின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் தானாவுக்குப் புறப்பட்டது. பதினான்கு பெட்டி, மூன்று எஞ்சின், இருபத்தொரு மைல். வண்டி புறப்பட்ட அந்தப் பழைய நிலையம் இப்போது இல்லை. இப்போது நாம் பார்க்கிற மாளிகை 1878இல் தொடங்கி பத்தாண்டு கட்டியது. துறையும் இல்லை, கடலை மண் போட்டுத் தூர்த்துக் கிழக்கே தள்ளிவிட்டார்கள். மஸ்ஜித் பந்தர், கார்னாக் பந்தர், வாடி பந்தர் என்று சொல்கிறோம், அலை அடிக்கிற சத்தத்தை அங்கே யாராவது கேட்டதுண்டா? பெயர் மட்டும் பலகையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

நிலையத்துக்கு எதிரே உள்ளே போகிற தெருவுக்கு பஜார் கேட் தெரு என்று பெயர் இருந்தது. இப்போது பெரின் நரிமன் தெரு. கேட் எங்கே என்று கேட்டால் யாருக்கும் காட்டத் தெரியாது. ஒரு காலத்தில் கோட்டையைச் சுற்றி மதிலும் அகழியும் இருந்தன. மூன்று வாசல்: அப்போலோ வாசல், சர்ச் வாசல், பஜார் வாசல். வெள்ளைக்காரன் தெற்கே குடியிருந்தான். நம் நாட்டு வணிகர்கள் வடக்கே பஜார் வாசல் பக்கம் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். ஒரே மதிலுக்குள் இரண்டு ஊர். சர்ச்கேட் ஸ்டேஷனில் இறங்குகிற லட்சம் பேரில் அந்த வாசல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்ததே இல்லை, ஃபுளோரா நீரூற்றுப் பக்கம் இருந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்!

1803 பிப்ரவரியில் கோட்டைக்குள் நாட்டு மக்கள் பகுதியில் பெருந்தீ. வீடுகள் எரிந்தவுடன் சர்க்கார் என்ன செய்தது? அதே இடத்தில் கட்டிக்கொள் என்று சொல்லவில்லை. மதிலுக்கு வெளியே போ என்று ஊக்கம் கொடுத்தது. அப்படித்தான் வடக்கே ‘நாட்டு நகரம்’ பெருத்தது. மதிலுக்கும் அந்த நகரத்துக்கும் நடுவே ஒரு பெரிய வெளியைக் காலியாக வைத்தார்கள். பீரங்கி சுட்டால் குண்டு தடையில்லாமல் போக வேண்டுமாம். அதனால் அங்கே வீடு கட்டக் கூடாது. அந்த வெளியில் மிஞ்சியதுதான் இன்றைய ஆசாத் மைதானம், கிராஸ் மைதானம், ஓவல். பீரங்கிக்காக ஒதுக்கிய மண்ணில்தான் இப்போது போராட்டக்காரர்களைப் போலீஸ் உட்கார வைக்கிறது.

மதிலை யார் இடித்தது? எதிரி அல்ல. 1862இல் கவர்னராக வந்த பார்ட்டில் ஃப்ரியர் காலத்தில் சர்க்காரே இடித்தது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர், அங்கிருந்து பருத்தி வரவில்லை, பம்பாய்ப் பருத்திக்குப் பொன் விலை. பணம் குவிந்தபோது மதில் இடைஞ்சலாகத் தெரிந்தது. 1865இல் போர் முடிந்ததும் விலை விழுந்து பல வியாபாரிகள் திவாலானார்கள். அதற்குள் மதில் போய்விட்டது. மிஞ்சிய ஒரு துண்டு செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைப் பக்கம் நிற்கிறது. ஃப்ரியர் பெயரில் துறைமுகத்தை ஒட்டி ஒரு சாலை இருந்தது. அதற்கு இன்று துறைமுகத் தொழிலாளர் தலைவர் பி. டிமெல்லோவின் பெயர். பெயர்ப் பலகை மாறுவதில் சில சமயம் நமக்கும் சந்தோஷம் உண்டு!

இனி சந்துக்கு வருவோம். பூலேஷ்வர், கிர்காவ், காமாட்டிபுரா பக்கம் பழைய சால்களின் முதுகுக்கும் முதுகுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற இடுக்கு இருக்கிறதே, அதற்கு மாநகராட்சிக் காகிதத்தில் ‘ஹவுஸ் கல்லி’ என்று பெயர். காற்றுக்காக விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம். அந்தக் காலத்தில் எடுப்புக் கக்கூஸ். மலக்கூடையை எடுத்துப் போகிறவர் முன்வாசல் வழியாக வரக் கூடாது, யார் கண்ணிலும் படக் கூடாது. அதற்காக முதுகுப் பக்கம் தனி வழி. அந்தத் தொழிலாளரை ஹலால்கோர் என்றார்கள். வீட்டுக்காரரிடம் ஹலால்கோர் வரி என்றே தனியாக வசூலித்தார்கள். ஊரில் நம் சேரிக்குத் தனிப் பாதை, இங்கே கட்டடப் படத்திலேயே தனிப் பாதை. சிமெண்டால் கட்டிய சாதி இது. எடுப்புக் கக்கூஸ் போனது, சந்து போகவில்லை. ஜன்னலிலிருந்து குப்பை விழுகிற அந்த இடுக்கில் இன்றும் இறங்கித் துப்புரவு செய்கிறவர்கள் யார் என்று போய்ப் பாருங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்தன. சட்டத்துக்கு இந்தச் சந்தின் அகலம் போதவில்லை போலிருக்கிறது.

1896இல் மாண்ட்வியில் பிளேக் வந்தது. நோய்க்குக் காரணம் ஏழையின் வீடு என்று சர்க்கார் முடிவு கட்டியது. குடியிருக்கத் தகுதியற்றது என்பதற்கு மூன்று ஆங்கில எழுத்தை வீட்டுச் சுவரில் எழுதினார்கள். 1898இல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் வந்தது. பிரின்சஸ் தெரு, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு என்று நெரிசலை வெட்டிக்கொண்டு அகலத் தெருக்கள் போட்டார்கள். காற்று வந்தது உண்மை. ஆனால் தொடக்க ஆண்டுகளில் இடித்த வேகத்துக்கு வீடு எழவில்லை. இடிக்கப்பட்டவன் பக்கத்துச் சந்தில் போய் இன்னும் நெருக்கமாகக் குடியேறினான். தகுதியுள்ள வீடு, தகுதியற்ற வீடு என்று அன்று சுவரில் எழுதினார்கள். இன்று தகுதியுள்ள ஆள், தகுதியற்ற ஆள் என்று பட்டியலில் எழுதுகிறார்கள்.

1944 ஏப்ரல் 14, விக்டோரியா டாக். வெடிமருந்தும் பருத்தியும் ஏற்றி வந்த ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் வெடித்தது. கிடங்குகளும் பக்கத்துக் குடியிருப்புகளும் எரிந்தன. தீயணைப்புப் படையினர் அறுபத்தாறு பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் நாடு அவர்களை நினைக்கிறது, நினைக்க வேண்டியதுதான். கப்பலில் இருந்த தங்கக் கட்டிகளையும் தேடி எண்ணினார்கள். கூலிகளும் குடியிருப்பு மக்களுமாக இறந்தவர்கள் எழுநூறுக்கு மேல் என்று ஒரு கணக்கு, ஆயிரத்துக்கு மேல் என்று இன்னொரு கணக்கு. பெயர் எழுதி வைக்காத மூட்டை தூக்கியை எப்படி எண்ணுவது?

மில்களைப் பற்றி நீட்ட வேண்டாம், நம்மில் பலர் கண்ணால் பார்த்தது. 1982 ஜனவரி 18 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சங்கு ஓய்ந்தது, மில் முற்றத்தில் கடைத்தொகுதி நிற்கிறது.

ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். 1920களில் கட்டிய பி.டி.டி. சாலில் 160 சதுர அடி அறையில் இருந்தவர்களுக்கு அதே இடத்தில் 500 சதுர அடி வீடு. 2025 ஆகஸ்டில் வொர்லியில் முதல் சாவிகள் கொடுத்தாயிற்று. தாராவியில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவருக்கு 350 சதுர அடிதான் பேச்சு. அதற்குப் பின் வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் தாராவிக்கு வெளியே, பணம் கட்டி. அவர்கள் என்ன, நம்மைவிட அதிகம் உழைத்தவர்களா? அவர்கள் சர்க்காரின் குடித்தனக்காரர்கள். கையில் வாடகை ரசீதும் அறை எண்ணும் இருந்தன. தோல் கிடங்குக் காலத்திலிருந்து சதுப்பைத் தூர்த்து வீடு கட்டிய நம்மிடம் என்ன இருக்கிறது? சந்தின் பெயர் இருக்கிறது. அதுவும் காகிதத்தில் இல்லை, வாயில் இருக்கிறது. கோயில் பெயரால் ஒரு சந்து, குழாயடியால் ஒரு சந்து, செத்துப்போன பெரியவர் ஒருவர் பெயரால் ஒரு சந்து. ரேஷன் கார்டில் ஒரு பெயர், மின் ரசீதில் இன்னொரு பெயர், வாக்காளர் பட்டியலில் மூன்றாவது பெயர். மூன்றும் ஒரே சந்து என்று சொல்ல அந்தச் சந்து நிற்கும்வரைதான் சாட்சி உண்டு. பஜார் வாசலைப் போல அதுவும் போய்விட்டால் யாரைக் கேட்பது?

ஆகவே செயற்குழு ஒரு வேலையை ஏற்றிருக்கிறது. ஒவ்வொரு சந்துக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு. சந்தின் எல்லாப் பெயர்களும், வீட்டுக் கதவு எண்ணும், தரையில் யார், மாடியில் யார், எந்த ஆண்டிலிருந்து என்பதும் அதில் ஏற வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதட்டும், பெரியவர்கள் சொல்லட்டும். பெண்கள் கட்டாயம் உட்கார வேண்டும். எந்த ஆண்டு எந்தக் குழாய் வந்தது, யார் வீட்டுக் குழந்தை எப்போது பிறந்தது என்பது அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். பழைய ரேஷன் கார்டைக் கிழிந்தது என்று தூக்கி எறிய வேண்டாம், சங்க அறைக்குக் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அசலை அன்றே திருப்பித் தருவோம். அசலை எவர் கேட்டாலும், நம் ஆள் என்றே சொன்னாலும், கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள். நோட்டுகள் வாசலருகே மேசையில் இருக்கின்றன, போகும்போது சந்துக்கு ஒருவர் வாங்கிக்கொண்டு போகலாம்.