சிறு நிரலும் அதன் சார்புகளும்



தேக்கா சந்தைக்குக் கறிவேப்பிலை வாங்கச் செல்லும் நாம் ஒரு கொத்தோடு திரும்புகிறோம். கடையைப் பெயர்த்து வருவதில்லை. நிரல் எழுதும்போது மட்டும் இந்த அளவறிவை மறந்துவிடுகிறோம். பிறர் எழுதிவைத்த நிரல் தொகுதியை ‘நிரல் நூலகம்’ என்கிறோம். அதிலுள்ள ஒரு சிறு வசதிக்காக முழு நூலகத்தையும் இணைக்கிறோம்; அது தனக்கு வேண்டிய வேறு நூலகங்களையும் உடன் அழைத்து வருகிறது.

இதன் விளைவை உலகம் 2024 மார்ச்சில் கண்டது. தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவுவது ஓப்பன்எஸ்எஸ்எச். தான் ஆயத்தம் என்னும் ஒரு வரிச் செய்தியை அது கணினிக்கு அறிவிப்பதற்காக, லினக்ஸ் வழங்குவோர் சிலர் சிஸ்டம்டி நூலகத்தை அதனுடன் இணைத்திருந்தனர். அந்நூலகமோ, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தையும் கொணர்ந்தது. எக்ஸ்இசட்டின் புதிய பதிப்பில் கள்ளக்கதவு ஒன்று மறைக்கப்பட்டிருந்தது. நுழைவதற்கு ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர் அதை வெளிப்படுத்தினார். அவ்வாண்டு ஜூலையில் வந்த 9.8ஆம் பதிப்பில், அச்செய்தியை அனுப்பும் பகுதியை ஓப்பன்எஸ்எஸ்எச் குழுவினர் தாமே எழுதிச் சேர்த்தனர். அதற்கென ஒரு நூலகம் வேண்டியதில்லை என்றாயிற்று.

நம் வகுப்பறைக்கு வருவோம். ஒரு சொல்லில் எத்தனை எழுத்துகள் எனக் கூறும் சிறு கட்டளைவரி நிரல் நமக்கு வேண்டும் எனக் கொள்வோம். லினக்ஸின் ‘டபிள்யூசி’ கட்டளை ‘தமிழ்’ என்னும் சொல்லில் குறியீடுகளை எண்ணி 5 என்கிறது. நாமோ 3 என்போம். இதற்குப் பன்மொழிப் பெருநூலகம் தேவையில்லை. ஒருங்குறியில் தமிழின் உயிர்க்குறிகள் 11, புள்ளி ஒன்று, ஔகார நீட்சிக்குறி ஒன்று. இந்த 13 குறிகளை எண்ணாது விட்டால் விடை சரியாகும். மெய்யும் உயிர்மெய்யும் அறிந்த மாணவருக்கு இது சில வரி வேலை. ‘க்ஷ’ ஓரெழுத்தா ஈரெழுத்தா என்பதை மட்டும் ஆசிரியர் முடிவு செய்ய வேண்டும்.

இவ்வெளிமை தானே வந்ததன்று. 1990களில் எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை இருந்தது. ஓரிடத்தில் எழுதியதை வேறிடத்தில் படிக்க அதே எழுத்துரு வேண்டியிருந்தது. அக்காலத்தில் இணையத்தில் தமிழ் ஏற உழைத்தவர்களுள் ஒருவர் நம் நாட்டு எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. பொதுத் தரத்தை நோக்கிய உரையாடலுக்குக் களம் தந்த தமிழிணைய மாநாடும் 1997இல் சிங்கப்பூரிலேயே நடந்தது.

எல்லா நூலகங்களையும் விலக்குமாறு நாம் கூறவில்லை. மறையாக்கம் போன்ற நுண்பணிகளில் வல்லுநர் ஆய்ந்த நூலகத்தை நம்புவதே அறிவுடைமை. ஆனால் மாணவர்களே, உங்கள் நிரலை முடித்ததும் ‘எல்டிடி’ கட்டளையை இயக்கிப் பாருங்கள். அது காட்டும் ஒவ்வொரு நூலகமும் எதற்காக வந்தது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத ஒன்றிருந்தால், அங்கிருந்து உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.