நூறு வயதும் ஒரு வர்த்தமானியும்



நமது நாட்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டுக்குரியது. 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்களையே அது புராதனச் சின்னங்களாகக் கொள்கிறது. அது கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான நாள். நம் குடாநாட்டின் உடுவில் மகளிர் கல்லூரி தொடங்கியதே 1824இல்தான். பிந்திய கட்டடம் ஒன்று நூறு ஆண்டைக் கடந்திருந்தால், அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்கலாம். அறிவிக்காதவற்றுக்கு நாம்தான் காவல்.

சில வருடங்களுக்கு முன் புதிய கட்டட நிதிக்கு நானும் பணம் அனுப்பினேன். எதை இடிக்கப் போகிறார்கள் என்று கேட்கவில்லை. இடிபட்டது, நான் ஏழாம் வகுப்புப் படித்த ஓட்டுக் கூரை மண்டபம். கேட்காதது என் பிழை. நோயாளியின் பழைய குறிப்புகளைப் பாராமல் கத்தியை எடுக்காத நான், இதில் மட்டும் பாராமல் இருந்துவிட்டேன்.

இனி நிதி அனுப்பும்போது, பழையதைத் திருத்த முடியுமா என்று முதலில் கேட்போம். சேர்வு இடாப்புகளையும் பழைய படங்களையும் பிரதி எடுத்து வைப்போம். 1981இல் யாழ் நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. ஒரே பிரதியை நம்பியிருப்பதன் ஆபத்தை நமக்கு வேறெவரும் சொல்லத் தேவையில்லை.