வீட்டுக் கணினியில் படத்தொகுப்பு

புணே நகரிலிருந்து சிங்ககட் கோட்டைக்குச் செல்லும் வழியில், மலையடியில், கடக்வாஸ்லா என்னும் ஊர் அமைந்துள்ளது. மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நாம் இவ்வூரில் வாழ்ந்து வருகின்றோம். கலைப் பாடம் பயின்ற நமக்குக் கணினி நுட்பம் புதிது. எனினும், குடும்பக் கடமையொன்று அதனைக் கற்கச் செய்தது.

எம் அத்தையார் 1960ஆம் ஆண்டில் மணமகளாக இவ்வூருக்கு வந்தவர். மறு ஆண்டு, 1961 ஜூலை 12ஆம் நாள், மேலே இருந்த பான்ஷெட் அணை உடைந்தது. படைவீரர்கள் இரவெல்லாம் மணல் மூட்டைகளை அடுக்கி அதனைக் காக்க முயன்றும் பயனில்லை. அவ்வெள்ளம் கடக்வாஸ்லா அணையையும் தகர்த்துக்கொண்டு முட்டா ஆற்றின் வழியே புணே நகருட் புகுந்தது. மேட்டில் ஏறி நின்று அதனைக் கண்ட அத்தையார், தம் முதுமையில் அந்நாளின் கதையைச் சொல்ல, கைபேசியில் பதிவு செய்தோம். ஐம்பத்திரண்டு நிமிடப் பதிவு அது. அதனைச் சுருக்கி, சென்னையிலும் நாகபுரியிலும் உள்ள உறவினர்க்கு அனுப்ப விரும்பினோம்.

நம்மிடம் இருந்ததோ பழைய கணினி. அதன் இயங்குதளத்திற்கு ஆதரவு நின்றுவிட்டது. புதிய பதிப்பை அது ஏற்கவில்லை. ஆகவே லினக்ஸை நாடினோம். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினுஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய முயற்சி இது. யாவரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமையோடு வருவது. நம் நாட்டிலும் சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் வகையை ஆக்கி அளித்துள்ளது.

படத்தொகுப்பு என்பது யாது? புணேயில் பிரபாத் படநிலையம் இருந்த இடத்தில் 1960இல் திரைப்படப் பயிற்சி நிலையம் எழுந்தது. அக்காலத்தில் தொகுப்பாளர் படச்சுருளைக் கத்தரித்து ஒட்டினார். இன்றைய மென்பொருளோ மூலப்படத்தைத் தொடுவதில்லை. ‘இந்த நொடியில் தொடங்கு, அந்த நொடியில் நிறுத்து’ என்னும் கட்டளைகளை மட்டும் குறித்துக்கொள்கின்றது. இறுதியில் அக்கட்டளைப்படி புதிய படத்தை ஆக்கித் தருகின்றது. இவ்வுண்மையை அறிந்துகொண்டால் அச்சம் பாதி நீங்கும்.

இனி, எதனைத் தேர்வது? தலையையும் வாலையும் மட்டும் நறுக்க வேண்டுமாயின் ‘ஆவிடெமக்ஸ்’ போதும். படத்தை மறுபடி ஆக்காமலே அது வெட்டித் தரும். ஆதலின் வேலை விரைவில் முடியும், தரமும் குன்றாது. ஆயினும் ஒரு வரம்பு உண்டு. சுருக்கப்பெற்ற நிகழ்படத்தில் முழுப்படங்கள் இடையிடையே மட்டும் இருக்கும். மற்றவை மாறுதல்களை மட்டும் கொண்டவை. முழுப்படம் உள்ள இடத்திலிருந்து தொடங்கும்படி வெட்டுதல் வேண்டும். இல்லையேல் காட்சி சிதையும்.

பல துண்டுகளைக் கோக்கவும், தலைப்பும் இசையும் சேர்க்கவும் விரும்புவோர்க்கு ‘ஓப்பன்ஷாட்’ எளிது. ‘ஷாட்கட்’ சற்று விரிவானது. கைபேசிப் பதிவுகளில் நொடிக்கு இத்தனை படம் என்னும் கணக்கு மாறிக்கொண்டே இருப்பதுண்டு. அதனால் உதட்டசைவும் ஒலியும் பொருந்தாமற் போகலாம். அத்தகைய பதிவைக் கண்டால், தொகுப்பதற்கு ஏற்றபடி மாற்றித் தரவோ என்று ஷாட்கட் கேட்கும், இசைதல் நன்று.

நாம் இறுதியில் தேர்ந்தது ‘கேடென்லைவ்’. காரணம் இரண்டு. முதலாவது, பெரிய படத்திற்குச் சிறிய மாற்றுப்படி ஒன்றை ஆக்கி, அதனை வைத்துத் தொகுக்க விடும். பழைய கணினியும் மூச்சுத் திணறாது. இறுதிப் படம் மூலத்தினின்றே உருவாகும். இரண்டாவது, 2020ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் எழுத்துரை சேர்க்கும் வசதி அதில் உண்டு. மராட்டியச் சூழலில் வளர்ந்த பேரக்குழந்தைகளுக்கு அத்தையாரின் திருநெல்வேலித் தமிழ் முழுதும் விளங்காது. ஆகவே மராட்டியில் எழுத்துரை அமைத்தோம். நமக்குத் தெரிந்த தொழில் அங்கே கைகொடுத்தது.

ஓர் எச்சரிக்கை. தொகுப்புக் கோப்பில் இருப்பவை கட்டளைகளே. படம் அதில் இல்லை. வேலை முடிந்தது என்று மூலப்பதிவை அழித்துவிடாதீர்கள். வேறொரு வட்டிலும் ஒரு படி இருக்கட்டும்.

இதன் அருமையைப் பின்னர் உணர்ந்தோம். வெள்ளம் வடிந்தபின் வீடு திரும்பியதைச் சொல்லி வந்த அத்தையார், அண்டை வீட்டு மராட்டியப் பெண்மணியின் பெயரைச் சொன்னார். உடனே வாய் மூடினார். நாற்பது நொடி பேசவில்லை. பின்னர் வேறு பேச்சு. அவ்வெற்றிடத்தை வீண் என்று கருதி வெட்டிவிட்டோம். மொழிபெயர்ப்பில் மிகைச்சொல் களைந்து பழகிய கை அல்லவா!

சென்ற ஆண்டு அத்தையார் காலமானார். பதினாறாம் நாள் சடங்கன்று உறவினர் கூடி அப்படத்தைக் கண்டனர். நாகபுரியிலிருந்து வந்த அவர் மகன், “அத்தான், அம்மா அந்தப் பெயரைச் சொன்னால் எப்போதும் சற்று நேரம் பேசமாட்டாளே, அது எங்கே?” என்று கேட்டார். நாம் விடையின்றி நின்றோம்.

மூலப்பதிவு இருந்தது, கட்டளைகளும் இருந்தன. அன்றிரவே கேடென்லைவைத் திறந்து, வெட்டிய விளிம்பை இழுத்தோம். ஒரு நிமிடத்தில் அந்நாற்பது நொடியும் மீண்டது. எழுத்துரை ஏதுமின்றி, அத்தையாரின் முகம் மட்டும் தோன்றும் பகுதி அது. இன்று குடும்பத்தார் கண்டு கண்டு போற்றுவது அப்பகுதியையே.

நேயர்களே! பிழைப்பை நாடிப் பிற மாநிலம் வந்து குடியேறிய நம் முன்னோரின் வரலாறு பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. முதியோர் நாவில்தான் இருக்கின்றது. அதனைப் பதிவு செய்யக் கைபேசியும், ஒழுங்குபடுத்தப் பழைய கணினியும், பணமின்றிக் கிடைக்கும் மென்பொருளும் போதும். இவ்வாரமே தொடங்குங்கள். வெட்டுமுன் ஒருமுறை முழுதும் கேளுங்கள். மௌனத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.