கோடு குறைந்தால் அட்டவணை தெரியும்

பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



அரையாண்டுத் தேர்வு அட்டவணையைப் பள்ளியின் இணையப் பக்கத்தில் போடுகிறோம். மேலிருந்து கீழாகத் தேதிகள், இடமிருந்து வலமாக 6 முதல் 10 வரை வகுப்புகள். நம் கணினித் திரையில் அழகாகத்தான் இருக்கிறது. மாணவர் பார்ப்பதோ அம்மாவின் கைப்பேசியில். தேதியில் விரல் வைத்து வலப்பக்கம் நகர்த்தும்போது ஒரு வரி தவறினால், கணக்குத் தேர்வன்று அறிவியல் படித்துவிட்டு வந்து நிற்பார்.

அச்சிட்ட தாளைப் படம் எடுத்துப் போடுவது எளிது என்பீர்கள். பெரிதாக்கினால் எழுத்து மங்கும். பார்வையற்றவருக்கு அது வெறும் படம். எச்.டி.எம்.எல். அட்டவணையாகவே போடுங்கள்.

அதில் முதல் வேலை நிறம் அல்ல, தலைப்பு. வகுப்பும் தேதியும் உள்ள கட்டங்களை 'டி.டி' குறியில் இட்டுத் தடித்த எழுத்தாக்கினால் கண்ணுக்கு மட்டுமே தலைப்பு. 'டி.எச்' குறியில் இட்டு, 'ஸ்கோப்' பண்பால் அது நிரலுக்கா வரிசைக்கா என்று சொன்னால், என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான் கட்டத்துக்குக் கட்டம் நகரும்போது தலைப்பையும் சேர்த்துச் சொல்லும். இல்லையென்றால் வெறுமனே "கணக்கு" என்று காதில் விழும். எந்த வகுப்புக்கு, என்றைக்கு?

பிறகுதான் சி.எஸ்.எஸ். 'பார்டர்-கொலாப்ஸ்' கொடுத்தால் இரட்டைக் கோடு ஒற்றையாகும். அதிலும் கிடைக்கோடு மட்டும் போதும். நாற்புறமும் கறுப்புக் கட்டம் போடுவது நம் பதிவேட்டுப் பழக்கம். 'பேடிங்' தாராளமாக விடுங்கள். 'என்த்-சைல்டு' கொண்டு ஒரு வரி விட்டு ஒரு வரிக்கு மெல்லிய சாம்பல் நிறம் தந்தால் விரல் வழி தவறாது. முற்பகலைச் சிவப்பாலும் பிற்பகலைப் பச்சையாலும் மட்டும் காட்டாதீர்கள். அவ்விரண்டையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் உண்டு, சொல்லாகவே எழுதுங்கள்.

கைப்பேசிக்காக அட்டவணையை ஓர் உறைக்குள் வைத்து 'ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ' கொடுத்தால் அது மட்டும் பக்கவாட்டில் நகரும். தேதி நிரலுக்கு 'பொசிஷன்: ஸ்டிக்கி', 'லெஃப்ட்: 0' கொடுத்தால் அது இடத்திலேயே நிற்கும். அந்த நிரலுக்குப் பின்னணி நிறமும் வேண்டும். இல்லாவிட்டால் அடியில் நகரும் எழுத்து தேதியின்மேல் தெரிந்து குழப்பும்.

மாணவர் எண்ணிக்கைப் பட்டியல் என்றால் எண்களை வலப்பக்கம் ஒட்டி வையுங்கள். ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ் பத்து. மூன்றாம் வகுப்பில் நாம் சொல்லித் தருவதுதான்.

வெளியிடுமுன் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, "எட்டாம் வகுப்புக்கு வியாழக்கிழமை என்ன தேர்வு?" என்று கேளுங்கள். விரல் எங்கே தடுமாறுகிறது என்று மட்டும் பாருங்கள்.