எல்லை மலையில் சின்னம்மை

இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். 1980இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும் ‘அம்மை’ என்னும் சொல்லைச் சூழ்ந்த அச்சம் அகலவில்லை. பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை மூன்றும் வெவ்வேறு கிருமிகளால் வருபவை என்பது பல இல்லங்களை இன்னும் எட்டவில்லை.

பெரியம்மையை ஒழித்ததுபோல் சின்னம்மையை ஒழித்தல் எளிதன்று. பெரியம்மைக் கிருமி, குணமடைந்தவர் உடலில் தங்குவதில்லை. சின்னம்மைக் கிருமியோ நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடந்து, பல்லாண்டுகள் கழித்து உடலின் ஒரு பக்கமாகக் கொப்புளங்களாய் வெளிப்படும். அக்கி எனக் கூறிக் குயவரிடம் காவி எழுதிக்கொள்ளும் நோய்களுள் இதுவும் ஒன்று. பாட்டனாரின் அக்கியிலிருந்து பேரனுக்குச் சின்னம்மை தொற்றக்கூடும். ஆகவே, ஆபத்து மிகுந்தவரிடம் நோய் சென்று சேராமல் காப்பதே முதற் கடமையாகிறது.

இக்கடமை எத்துணை கடினமானது என்பதைக் கம்பம்மெட்டில் காணலாம். கம்பத்திலிருந்து நெடுங்கண்டம் செல்லும் சாலை மலைமுகட்டில் மாநில எல்லையைக் கடக்கும் இடம் அது. தேனி மாவட்டப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியமர்ந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். சின்னம்மை, கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கும். ஒரே வீட்டில் முன்பு நோய் காணாதவர் பத்துப் பேர் இருப்பின் ஏறத்தாழ ஒன்பது பேரைப் பற்றும். தொற்றியது வெளிப்பட 10 முதல் 21 நாட்கள் ஆகும். அதற்குள் தாய் எத்தனை முறை எல்லையைக் கடந்திருப்பாள்! குழந்தையின் நோய் ஒரு மாநிலப் பதிவேட்டிலும், தாய் வேலை செய்யும் தோட்டம் மறு மாநிலத்திலும் இருக்கும் நிலையில், சுகாதார ஊழியர்கள் ஒருவருக்கொருவர் தகவல் தராவிடில் தொடர்பு புலப்படாது.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இது எளிய நோயே. வெப்ப நாடுகளில் குழந்தைப் பருவத்தில் நோய் காணாமல் வளர்ந்தவர் கணிசம். அவர்களுக்கு, குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கு, நுரையீரல் அழற்சி நேரலாம். பேறுகாலத்தை ஒட்டித் தாய்க்கு நோய் கண்டால் சிசுவின் உயிருக்கே ஆபத்துண்டு.

வாசலில் வேப்பிலை செருகும் வழக்கம் நல்லதே. அந்நியர் உள்ளே வாராமல் அது தடுக்கிறது. மருந்து கூடாது என்பதுதான் தீங்கு. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தரலாம். ஆஸ்பிரின் மூளையையும் ஈரலையும் தாக்கும் கொடிய விளைவைத் தரக்கூடுமாதலால் ஒருபோதும் கூடாது. நகங்களை வெட்டி, நாள்தோறும் இளஞ்சூட்டு நீரில் உடலைத் தூய்மை செய்தல் வேண்டும். வழக்கமான உணவைக் குறைக்க வேண்டியதில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளை ஐந்து, ஏழு என்று எண்ணுவதைவிட, கொப்புளங்கள் யாவும் பொருக்காகிவிட்டனவா என்று பார்ப்பதே முறை; அதன் பின்னரே பள்ளிக்கு அனுப்பலாம். மூச்சிரைப்பு, ஓயாத வாந்தி, மயக்கம், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்த வீக்கம் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்காஹாஷி 1974இல் உருவாக்கிய தடுப்பூசி இன்று கிடைக்கிறது. குழந்தைகளுக்கு இரு தவணைகள் வேண்டும். தேசிய தடுப்பூசி அட்டவணையில் அது சேராததால், கூலிக் குடும்பங்கள் விலைகொடுத்தே பெற வேண்டியுள்ளது. நோயாளியோடு பழகிய மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் போட்டாலும் பயனுண்டு. கர்ப்பிணிகளுக்கு அதைப் போடலாகாது. நோய் கண்ட வீட்டுடன் பழகிய கர்ப்பிணி, கொப்புளம் தோன்றும்வரை காத்திராமல், அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.