பணிவும் தலைமையும்



பணிவைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்பீர்களாயின், அதில் ஒருமுறை தவறியவன் என்பதே என் விடை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் மாதா கோயில் திருப்பணிக் குழுவிற்கு நான் தலைவனாக இருந்தேன். வேலை முடிந்து, வாயிலில் கல்வெட்டு ஒன்று பதித்தார்கள். அதில் என் பெயர் கடைசி வரியில் இருந்தது. மனம் சுருங்கிப்போயிற்று. உடல்நலமில்லை என்று பொய் சொல்லித் திறப்பு விழாவிற்குச் செல்லாமல் இருந்துவிட்டேன். மேடைதோறும் "நான் உங்கள் ஊழியன்" என்று சொல்லிவந்தவனும் நானே.

சில மாதங்கள் சென்று, புதுவையில் ஒரு நூலகத்தில் பழைய அகராதி ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. தமிழ்ச் சொற்களுக்குப் பிரெஞ்சு மொழியில் பொருள் கூறும் பெருநூல் அது. முதற்பாகம் 1855இலும் இரண்டாம் பாகம் 1862இலும் இந்நகரத்து மிஷன் அச்சுக்கூடத்தில் வெளிவந்தவை. ஆசிரியர் யாரென்று முகப்புப் பக்கத்தைப் புரட்டினேன். பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த போதகர் இருவர் என்பதற்குமேல் அங்கு ஒன்றுமில்லை. 1846இல் வெளியான இலத்தீன், பிரெஞ்சு, தமிழ் அகராதியின் முகப்பும் அவ்வாறே இருவர் என்ற அளவில் நிற்கிறது.

அவ்விருவர் மூசே, துப்புயி என்னும் குருமார்கள். சபையின் வழக்கம் அது, அதில் வியப்பென்ன என்று ஒருவர் கூறலாம். கூறட்டும். பணிவு திடீரென்று பிறக்கும் உணர்ச்சியன்று. வழக்கத்தினால் படிந்து வருவது. ஒரு நூலின் முகப்பில் தன் பெயரை விட்டுவிடப் பழகிய கை, வேறு இடங்களிலும் விட்டுக்கொடுக்கப் பழகும்.

அகராதி ஆக்குவது என்பதையே எண்ணிப் பாருங்கள். அந்நாளில் புதுவையில் ஆட்சி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. கட்டளையிடும் இனத்தைச் சேர்ந்தவர்கள் இவர்கள். ஆயினும் ஒரு தமிழ்ச் சொல்லின் நுட்பம் அறியவேண்டுமாயின், தமிழ் அறிந்தவர் முன் மாணவராக உட்கார்ந்தே தீரவேண்டும். "எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்லுங்கள்" என்று நாள்தோறும் ஒப்புக்கொண்டாலன்றி அகராதி வளராது. தலைவனுக்கு மிகக் கடினமான வாக்கியம் இதுதான்.

இனி, துப்புயி அடிகளின் மற்றொரு பணியைப் பார்ப்போம். லூயி சவினியேன் துப்புயி 1806இல் பிரான்சில் பிறந்தவர். 1832இல் புதுவைக்கு வந்து, 1874இல் இங்கேயே மறைந்தவர். 1844ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மேற்றிராணியார் பொன்னான் தம் குருமார்களைப் புதுவையில் ஒரு சங்கமாகக் கூட்டினார். தாமே கட்டளை பிறப்பித்திருக்கக் கூடியவர், கூட்டிவைத்துக் கேட்டார். இந்நாட்டவரைக் குருமார்களாக ஆயத்தம் செய்யவேண்டும், பெண்களுக்கும் கல்வி தரவேண்டும் என்னும் கருத்துகள் அங்கு வலுப்பெற்றன. அவ்வாண்டு அக்டோபரிலேயே துப்புயி அடிகள் கன்னியர் சபை ஒன்றைத் தொடங்கினார். குலமகளிர்க்கு எழுத்து எதற்கு என்று பலரும் எண்ணிய காலம் அது. தமிழ்ப் பெண்களைச் சேர்த்து, சிறுமியர்க்கு அவர்களே கற்பிக்கும்படி செய்தார். பிறர் தன்னை நம்பியே நிற்கும்படி செய்பவன் சிறிய தலைவன். தான் இல்லாதபோதும் அவர்கள் நிற்கும்படி செய்பவன் பணிவுள்ளவன்.

பெரிய வியாழனன்று கோயிலில் குருவானவர் மண்டியிட்டுப் பன்னிருவர் பாதங்களைக் கழுவுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். இயேசுநாதர் தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவு அது. ஆனால் கழுவப்பெற வருகிறவர் வீட்டிலேயே பாதங்களை நன்றாகக் கழுவிக்கொண்டல்லவா வருகிறார்! தூசு படிந்த பாதம் மற்ற நாட்களில்தான் நம் முன் வரும். அன்று குனிகிறோமா என்பதே கேள்வி.

மீண்டும் அந்த முகப்புப் பக்கத்திற்கு வருகிறேன். ஆசிரியர் இருவரின் பெயர்கள் இன்று நூலகப் பட்டியல்களில் ஏறிவிட்டன. அவர்களுக்குச் சொல்லும் பொருளும் சொல்லித் தந்த தமிழர்களின் பெயர்களோ முகப்பிலும் இல்லை, பட்டியலிலும் இல்லை. தன் பெயரைத் தானே விட்டுக்கொடுத்தால் அது பணிவு. பிறர் பெயரையும் சேர்த்து விட்டுவிட்டால் அது பணிவாகாது. இக்குறையை அப்பெரியோர்மீது சுமத்த நான் வரவில்லை. என்மீது சுமத்திக்கொள்ளவே வந்தேன்.

ஏனெனில், அப்போதுதான் எனக்கு அந்தக் கல்வெட்டு நினைவிற்கு வந்தது. கடைசி வரியில் என் பெயர் இருந்ததைக் கண்டு வெகுண்டேனே, அக்கோயிலை இரண்டு ஆண்டுகள் வெயிலில் நின்று கட்டிய கொத்தனாரின் பெயர் அதில் இருந்ததா? இல்லை. இல்லை என்பதை நான் கவனிக்கவும் இல்லை. குழுத் தலைவனாகிய எனக்கு அவர் பெயரே தெரியாது. "மேஸ்திரி" என்று அழைத்ததோடு சரி.

நாளை உங்களில் பலர் வகுப்புக்கும் சங்கத்துக்கும் ஊருக்கும் தலைமை ஏற்பீர்கள். உங்கள் விழா முடிந்து, நன்றி கூறும் நேரம் வரும்போது, மண்டபத்தைக் கூட்டியவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாவிடில், மேடை ஏறுமுன் சென்று கேட்டு வாருங்கள். நான் கேட்டேன், ஆனால் கல் பதித்து ஓராண்டு கழிந்த பின்னரே கேட்டேன்.