தொட்டிலும் ஊன்றுகோலும்

(தில்லை நகரில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



மருத்துவமனைக்கு வரும்போதெல்லாம் நீங்கள் ஆசையோடு எட்டிப் பார்ப்பது பிரசவ வார்டைத்தான். "வீட்டுக்கு ஒரு பிள்ளையோடு நிறுத்திவிடுகிறார்களே, ஏன்?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். "இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சொகுசு கேட்கிறது" என்று சிலர் பதிலும் சொல்லிவிடுகிறீர்கள்.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 1992-93இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.5 பிள்ளைகள். 2019-21இல் அது 1.8. பெற்றோரின் இடத்தை அடுத்த தலைமுறை நிரப்புவதற்கு 2.1 வேண்டும்.

குறைந்ததற்குச் சொகுசு காரணமல்ல. 1992-93 ஆய்வின்போது, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 68 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2019-21இல் அது சுமார் 19. நாலு பெற்றால்தான் இரண்டு தங்கும் என்ற பயம் போய்விட்டது. காமராஜரின் மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், மிஷனெரிமார் கட்டிய பெண்கள் பள்ளிகளும் பெண்களைப் படிக்க வைத்தன. படித்த பெண் வேலைக்குப் போகிறாள், தாமதித்து மணமுடிக்கிறாள். நம் முன்னோர் முழங்காலில் நின்று கேட்டவை இவைதானே! கேட்ட ஜெபத்துக்குப் பதில் வந்தபின் முறுமுறுக்கலாமா?

ஆனாலும் பாரங்கள் உண்டு. வாடகை, பள்ளிக் கட்டணம், இருவரும் வேலைக்குப் போகவேண்டிய நிலை. பாட்டியோ கிராமத்தில். இரண்டாவது பிள்ளையைப் பகலில் யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பல வீடுகளில் பதில் இல்லை.

இரண்டு கண்ணீர்களை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று, பிள்ளைக்காக ஏங்குகிறவர்களின் கண்ணீர். முப்பத்தைந்து வயதுக்குமேல் கருத்தரிப்பது கடினமாகிறது. குறை ஆணிடமும் இருக்கலாம்; ஆனால் பழி பெண்மேல்தான் விழுகிறது. அன்னாள் ஆலயத்தில் அழுதபோது ஆசாரியனான ஏலியே அவளைத் தவறாக எண்ணினான். நம் சபைகளிலும் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டு அவளைக் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அன்பர்களே, அந்தக் கேள்வியை விட்டுவிடுவோம்.

மற்றொன்று, முதியோரின் கண்ணீர். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். ஒரே மகன் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறான். பணம் அனுப்புகிறான், ஆனால் இரவில் கீழே விழுந்த தாயைத் தூக்கிவிட ஆள் இல்லை. இரண்டு குமாரரையும் இழந்த நகோமியைத் தாங்கியவள் அவள் பெற்ற பிள்ளையல்ல, மோவாபிய மருமகள் ரூத். இன்று சபையே ரூத்தாக வேண்டிய காலம்.

ஆகவே ஒரு விண்ணப்பம். தொட்டில்களுக்கென்று தாராளமாய்க் கொடுத்தீர்கள், நன்றியோடு துதிக்கிறோம். இனி அந்தக் காணிக்கையில் ஒரு பங்கை, முதியோரை வீட்டிலேயே சென்று பார்க்கும் செவிலியர் ஊழியத்துக்குக் கொடுக்க மனமுவந்து இடங்கொடுங்கள். பணம் கொடுக்க இயலாதவர்கள், வாரத்தில் ஒரு மணி நேரம் உங்கள் தெருவிலுள்ள ஒரு முதியவரோடு உட்காருங்கள். வேலைக்குப் போகும் இளம் தாயின் பிள்ளையை ஒரு மாலை பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் ஊழியமே.

கர்த்தர்தாமே உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.